பத்து ரூபாய்க்கு அரை மணி நேரம்: டெல்டாவில் சேர்ந்து விளையாடிய காலம்

இந்த எபிசோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில இருந்து ஆரம்பிக்குது.

போன நவம்பர்ல ஊருக்குப் போயிருந்தேன். சம்பா பயிருக்குக் காப்பீடு பதிவு பண்ண கடைசித் தேதி நெருங்கிட்டிருந்தது. அப்பா கையில அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துக்கிட்டார். ரெண்டு பேரும் தஞ்சாவூர் – கும்பகோணம் ரோட்டுல இருக்கிற ஒரு கடைக்குப் போனோம். வாசல்ல போர்டு: பட்டா, சிட்டா, ஆதார் திருத்தம், ஜெராக்ஸ், லேமினேஷன். உள்ளே நுழைஞ்சு உட்கார்ந்த பிறகுதான் உறைச்சுது. நான் உட்கார்ந்திருந்த இடம், என்னோட பழைய நாலாம் நம்பர் சிஸ்டம் இருந்த இடம். அது ஒரு காலத்துல பிரவுசிங் சென்டர். பன்னெண்டு வயசுல என் வாழ்க்கையோட முக்கியமான பல மாலை நேரங்கள் அந்த அறையிலதான் போச்சு.

கடைக்கார அண்ணன் என்னை அடையாளம் கண்டுபிடிச்சுட்டார். "தம்பி, டஸ்ட் 2-ல மாடிப்படிக்குக் கீழேயே ஒளிஞ்சிருப்பியே, அந்தத் தம்பிதானே?" அப்பாவுக்கு ஒண்ணும் புரியல. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும், நிறைய சந்தோஷமாகவும் இருந்துச்சு.

பழைய ஆன்லைன் விளையாட்டுகளைப் பத்தி ஏக்கத்தோட பேசறது இன்னைக்கு ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. "அந்தக் காலம் மாதிரி வராது"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா நான் ஒரு சாஃப்ட்வேர் ஆளு. ஒண்ணு முன்னாடி வேலை செஞ்சது, இப்ப வேலை செய்யலைன்னா, நடுவுல எது மாறுச்சுன்னு தேடிப் பார்க்கறதுதான் பழக்கம். அப்படித் தேடினப்ப ஒரு கேள்வியிலதான் திரும்பத் திரும்ப வந்து நின்னேன்: ஒரு விளையாட்டுல நாம யார் பக்கத்துல உட்காரணும்ங்கறதை யார் முடிவு பண்றாங்க? இன்னைக்குப் பேசப்போற வரலாறு முழுக்க அந்தக் கேள்வியோட வரலாறுதான்.

பன்னெண்டு சிஸ்டம், ஒரு ஸ்விட்ச்

முதல்ல கொஞ்சம் பின்னணி. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. 1998-ல் தனியார் நிறுவனங்களுக்கும் இந்தத் துறை திறந்துவிடப்பட்டது. அதுக்கப்புறம்தான் ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர் முளைச்சுது. 2005-ல் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' என்ற பெயரில் பிராட்பேண்ட் கொடுக்க ஆரம்பிச்சது. அப்ப பிராட்பேண்டுக்கு அரசு வைத்திருந்த வரையறை நொடிக்கு 256 கிலோபிட். இன்னைக்கு உங்க வீட்டு வைஃபையில ஒரு ரீல்ஸ் ஓட அது பத்தாது.

அந்த வேகத்துல ஆன்லைன் கேம் எப்படி ஆடினீங்கன்னு கேட்பீங்க. ஆடலை. அதுதான் விஷயம். பிரவுசிங் சென்டர்ல இருந்த பன்னெண்டு கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச்சுல இணைஞ்சிருக்கும். அதுல ஒரு சிஸ்டம்தான் சர்வர். வெளியே போற நெட் கட்டானாலும் உள்ளே விளையாட்டு ஓடிட்டே இருக்கும். ஜி-மெயில் திறக்க வந்தவர் "நெட்டு வரலையே"ன்னு புலம்பிட்டிருப்பார். பக்கத்துல எட்டுப் பேர் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டு இருப்போம்.

விளையாட்டு, கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற ரெண்டு பேர், 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டின் மேல் பொழுதுபோக்காகக் கட்டிய ஒரு மாற்றம்தான் கவுண்டர் ஸ்ட்ரைக். 1999 ஜூனில் அதன் முதல் பீட்டா வந்தது. அடுத்த வருஷம் வால்வ் நிறுவனம் அதைத் தன் பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1.6 பதிப்பு வந்தது 2003-ல். அது எங்க ஊர் வரைக்கும் வந்தது எந்த வழியாங்கறது உங்களுக்கே தெரியும். பர்மா பஜார் சிடி, பென் டிரைவ், யாரோ ஒரு காலேஜ் அண்ணன். காசு கொடுத்து வாங்கினவங்க யாரையும் எனக்குத் தெரியாது. இதுல பெருமைப்பட ஒண்ணுமில்லை, ஆனா வரலாறு சொல்றப்ப மறைக்கவும் கூடாது.

செத்தவனுக்குத்தான் பேச நேரம்

எங்க சென்டர்ல அரை மணி நேரம் பத்து ரூபாய். பாபநாசம் பக்கம் எங்க கிராமத்துல இருந்து பஸ் பிடிச்சு வரணும். சாயங்காலம் டியூஷன்னு சொல்லிட்டு வருவோம். வந்தா சிஸ்டம் காலியா இருக்காது. காத்திருக்கணும். நின்னுக்கிட்டே ஆடுறவன் தோள் வழியா பார்க்கணும். பார்த்துக்கிட்டே அவனுக்கு அறிவுரை சொல்லணும். அவன் திட்டணும். இதுல பாதி பேரோட ஊர், பள்ளிக்கூடம், வீட்டு நிலவரம் எல்லாம் இந்தக் காத்திருக்கிற நேரத்துலதான் தெரிஞ்சுது.

உள்ளே உட்கார்ந்த பிறகும் காத்திருப்பு முடியாது. கவுண்டர் ஸ்ட்ரைக்ல ஒரு ரவுண்டுல செத்துட்டா, அந்த ரவுண்டு முடியற வரைக்கும் மறுபடி வர முடியாது. மத்தவங்க ஆடறதைப் பார்த்துக்கிட்டு சும்மா உட்காரணும். அந்த ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம்தான் எங்களுக்குப் பேச்சு. ஹெட்செட் எல்லாம் கிடையாது. "டேய் பின்னாடி வர்றான்டா"ன்னு செத்தவன் கத்துவான். "செத்தவன் வாயை மூடு"ன்னு எதிர் டீம் கத்தும். இந்தக் காலத்து டிசைனர் யாராவது பார்த்தா, "ஆட்டக்காரரை ஏன் சும்மா உட்கார வைக்கறீங்க, உடனே அடுத்த ஆட்டத்துல சேர்த்து விடுங்க"ன்னு சொல்வார். எங்களுக்கு அந்தச் சும்மா இருந்த நேரம்தான் நட்பாச்சு.

இதுக்கு மேல கரன்ட். 2012-ஐ டெல்டாக்காரங்க மறக்க மாட்டாங்க. சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல கரன்ட் இல்லாத நாட்கள் இருந்துச்சு. அதே வருஷம் வழக்கமான ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணையும் திறக்கலை. குறுவை போச்சு. அப்பாக்களுக்குத் தண்ணி இல்ல, எங்களுக்குக் கரன்ட் இல்ல. யூ.பி.எஸ். 'பீப் பீப்'னு கத்த ஆரம்பிச்சதும் எல்லாரும் எழுந்து வாசல் படிக்கட்டுல போய் உட்காருவோம். அண்ணன் மிச்ச நேரத்தை நோட்டுல எழுதி வைப்பார். ஒரு மணி நேரம் கழிச்சு கரன்ட் வரும். அந்த ஒரு மணி நேரத்துல யாருக்கு எந்தப் பாடம் வரலை, யாரோட அப்பா வெளிநாடு போகப் பணம் கட்டியிருக்கார், யார் வீட்டுல மாடு விக்கறாங்க எல்லாம் பேசிடுவோம்.

அதே படிக்கட்டுலதான் எனக்குப் பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் பழக்கமானான். மூணாம் நம்பர் சிஸ்டம். பேர் சொல்லமாட்டேன், அவனுக்குப் பிடிக்காது. இந்த எபிசோடுல அவன் மறுபடி வருவான்.

உலகம் முழுக்க அதே கதை

இது நம்ம ஊர்ல மட்டும் நடந்ததா? இல்லை. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதைத் தொடர்ந்து வளர்த்தார். படமே கிடையாது, வெறும் எழுத்து. ஆனா ஒரே உலகத்துல பல பேர் ஒரே நேரத்துல இருக்கலாம். அதே பார்ட்டில் 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டக்காரர்களை நாலு வகையாகப் பிரித்தார்: ஜெயிக்க வர்றவங்க, சுத்திப் பார்க்க வர்றவங்க, அடுத்தவரைச் சாய்க்க வர்றவங்க, மனுஷங்களோட பழக வர்றவங்க. கடைசி வகைக்கு விளையாட்டுங்கறது ஒரு சாக்கு மட்டும்தான்.

1999-ல் அமெரிக்காவில் 'எவர்குவெஸ்ட்' வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் திரிகிற விளையாட்டு. அதில் ஆரம்பத்தில் சரியான சந்தை வசதி கிடையாது. கத்தி, கவசம் விக்கணும்னா ஆள் தேடணும். அதனால ஆட்டக்காரர்களே 'ஈஸ்ட் காமன்லேண்ட்ஸ்' என்ற இடத்தில் ஒரு சுரங்கப்பாதையைச் சந்தையாக மாத்திக்கிட்டாங்க. எல்லாரும் அங்க கூடி நின்னு கூவிக் கூவி விப்பாங்க. கும்பகோணம் காய்கறி மார்க்கெட்டை மனசுல நினைச்சுக்கோங்க. பேரம், நம்பிக்கை, ஏமாத்தினவன் பேர் ஊர் முழுக்கப் பரவறது, எல்லாம் உண்டு. பிறகு நிறுவனம் 'பஜார்' என்று ஒரு தனி வசதி கொண்டு வந்தது. பொருளுக்கு விலை போட்டு வெச்சுட்டு நீங்க தூங்கப் போகலாம், வாங்கறவர் வந்து வாங்கிக்குவார். ரொம்ப வசதி. சுரங்கப்பாதை காலியாயிடுச்சு.

2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டிலும் இதே கதை. குகைக்குள்ளே போகணும்னா அஞ்சு பேர் வேணும். ஊர் நடுவுல நின்னு ஆள் கூப்பிடணும், எல்லாரும் நடந்து போய் வாசல்ல சேரணும். ஒரே சர்வர் ஆளுங்க. அதனால மோசமா நடந்துக்கிட்டா பேர் கெட்டுப்போகும், அடுத்த தடவை யாரும் கூப்பிடமாட்டாங்க. 2009 டிசம்பரில் ஒரு பட்டன் வந்தது. அழுத்தினா, பல சர்வர்களில் இருந்து அஞ்சு பேரை அதுவே பொறுக்கி, நேரா குகைக்குள்ளே இறக்கிவிடும். முடிஞ்சதும் அஞ்சு பேரும் அஞ்சு திசையில போயிடுவாங்க. "வணக்கம்"னு கூடச் சொல்லத் தேவையில்லை. இனிமேல் அவரை வாழ்க்கையில பார்க்கப்போறதில்லை.

அந்தப் பட்டன் கெட்டதுன்னு நான் சொல்லமாட்டேன். வேலை முடிஞ்சு வந்து முக்கால் மணி நேரம் மட்டுமே இருக்கிற ஒருத்தருக்கு அது வரப்பிரசாதம். நானே அந்த மாதிரி கோடு எழுதிப் பிழைக்கிறவன்தான். பயனர் காத்திருக்கிற நேரத்தைக் குறைச்சா எங்க ஆபீஸ்ல கைதட்டுவாங்க. ஆனா அங்க குறைஞ்சது நேரம் மட்டுமில்லை. மறுபடி மறுபடி அதே முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் குறைஞ்சுது. பக்கத்துல யார் உட்காரணும்ங்கறதை அதுவரைக்கும் ஊரும் சர்வரும் முடிவு பண்ணிச்சு. அப்புறம் ஒரு அல்காரிதம் முடிவு பண்ண ஆரம்பிச்சது.

பழைய உலகத்தைத் திரும்பக் கேட்டவங்களும் இருந்தாங்க. 'நாஸ்டால்ரியஸ்' என்ற பெயரில் ரசிகர்களே பழைய வார்கிராஃப்ட்டை ஒரு தனியார் சர்வரில் ஓட்டினார்கள். பிலிஸார்ட் நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதால் 2016 ஏப்ரலில் அது மூடப்பட்டது. 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனு போட்டார்கள். கடைசியில் 2019 ஆகஸ்டில் அந்த நிறுவனமே பழைய பதிப்பை 'கிளாசிக்' என்று திரும்பக் கொண்டு வந்தது. பட்டன் இல்லாத, நடந்து போக வேண்டிய அந்தப் பழைய உலகத்துக்கு மக்கள் வரிசையில நின்னு போனாங்க.

அக்கா சொன்னது

இந்த எபிசோடுக்குக் குறிப்பு எழுதிட்டிருந்தப்ப அக்காகிட்ட இதையெல்லாம் உற்சாகமா சொன்னேன். முழுசா கேட்டுட்டு அவ சொன்னது: "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா அந்தச் சென்டர்ல நான் ஒரு தடவைதான் ஏறியிருக்கேன். பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க. அதுவும் அப்பாவோட. நீ சொல்ற அந்தப் படிக்கட்டுல நான் உட்கார்ந்திருந்தா ஊர் என்ன பேசியிருக்கும்?"

எனக்குப் பதில் இல்லை. யோசிச்சுப் பார்த்தா, அந்த அறையில ஒரு பெண் பிள்ளை கேம் ஆடி நான் பார்த்ததே இல்லை. 'எல்லாரும் சேர்ந்து ஆடினோம்'னு நான் சொல்ற அந்த 'எல்லாரும்'ல எங்க வீட்டுலயே பாதி பேர் இல்லை. பஸ் காசும் பத்து ரூபாயும் இல்லாத பையன்களும் அதுல இல்லை. பக்கத்துல யார் உட்காரணும்னு ஊர் முடிவு பண்ணிச்சுன்னு சொன்னேனே, யார் உட்காரக்கூடாதுன்னும் ஊர்தான் முடிவு பண்ணிச்சு.

சட்டமும் ஒரு பக்கம் வந்தது. 2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபே விதிகளைக் கொண்டு வந்தது. அடையாள அட்டை கட்டாயம். யார் வந்தார்கள் என்ற பதிவேட்டை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது. தடுப்புக்குள்ளே சிறுவர்கள் உட்கார வேண்டுமென்றால் பெற்றோரோ காப்பாளரோ கூட இருக்க வேண்டும். பாதுகாப்புக்காக வந்த விதிகள். ஆனா எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற எங்க கூட்டம் மெல்லக் குறைய ஆரம்பிச்சது அப்பத்தான்.

அதே வருஷம் செப்டம்பர் 15-ம் தேதி தமிழ்நாட்டில் இன்னொன்று தொடங்கியது: விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் லேப்டாப். விளையாட்டு வரலாறு எழுதறவங்க யாரும் இதைக் கண்டுக்கறதில்லை. ஆனா டெல்டா கிராமத்துல விளையாட்டை வீட்டுக்குள்ளே, குறிப்பா பெண் பிள்ளைகள் கைக்குக் கொண்டு வந்தது அந்த லேப்டாப்தான்னு நான் நினைக்கறேன். பேட்டரி இருந்ததால கரன்ட் போனாலும் ஓடும்.

அக்காவுக்கு லேப்டாப் வந்துச்சு. டாங்கிள் போட்டு ஃபேஸ்புக் திறந்தா. அவளோட விளையாட்டு 'ஃபார்ம்வில்'. 2009-ல் வந்தது, கம்ப்யூட்டர்ல விவசாயம். பக்கத்து வயல்காரங்களா நம்ம நண்பர்களைச் சேர்க்கணும், அவங்க வயலுக்கு நாம உரம் போடணும், நம்ம வயலுக்கு அவங்க போடணும். அவளோட பக்கத்து வயல்காரங்க எல்லாம் பள்ளிக்கூடத் தோழிகள். படிப்பு முடிஞ்சு ஒவ்வொரு ஊருக்கா பிரிஞ்சு போய், வெளியே போக அனுமதி இல்லாம வீட்டுல இருந்தவங்க. அதுல நெல்லும் ஒரு பயிர், பன்னெண்டு மணி நேரத்துல விளைஞ்சுடும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தோட ஆ.து.டி. 43 ரகத்துக்கே 110 நாள் ஆகும். அப்பா பின்னாடி நின்னு பார்த்துட்டு, "தண்ணி இல்லாத வருஷத்துல நீ மட்டும் தினம் ரெண்டு போகம் எடுக்கறியேம்மா"ன்னு சொன்னார். [சிரிப்பு]

நான் அப்ப அதைக் கிண்டல் பண்ணியிருக்கேன். "அதெல்லாம் ஒரு கேமா"ன்னு. இப்ப அக்கா சொல்றா: "உனக்குப் படிக்கட்டு. எங்களுக்கு அந்த வயல். யாரு கல்யாணமாகிப் போனா, யாரு மறுபடி படிக்கச் சேர்ந்தா எல்லாம் அங்கதான்டா தெரியும். நாலு நாள் பயிர் வாடிக் கிடந்தா, அவளுக்கு ஏதோ பிரச்சினைன்னு புரிஞ்சுக்குவோம்."

சிங்கப்பூர்ல இருந்து ஒரு குரல்

நான் பிளஸ் டூ படிக்கறப்ப எனக்கும் லேப்டாப் கிடைச்சது. ஒருத்தன் போன்ல ஹாட்ஸ்பாட் போடுவான், டேட்டா ஆஃப். நாலு லேப்டாப் அதுல சேரும். குடமுருட்டிக் கரையில மரத்தடியில கவுண்டர் ஸ்ட்ரைக். இஞ்சினியரிங் ஹாஸ்டல்லயும் அப்படியே. 'மினி மிலிட்டியா'ன்னு ஒண்ணு வந்தது, அதுக்கு லேப்டாப்பும் வேண்டாம், பஸ்ல போகும்போதே பக்கத்து சீட்டுக்காரனோட ஆடலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2018-ல் பப்ஜி மொபைல் வந்தது.

பப்ஜி வந்த புதுசுல அது நட்பைக் கெடுக்குதுன்னு எல்லாரும் எழுதினாங்க. அது இளசுகளோட நேரத்தைத் தின்னது உண்மை. என் நேரத்தையும் தின்னுச்சு. ஆனா எங்களுக்கு அது இன்னொன்னும் செஞ்சுது. மூணாம் நம்பர் சிஸ்டம்காரன் டிப்ளமோ முடிச்சுட்டு சிங்கப்பூர்ல கட்டுமான வேலைக்குப் போயிட்டான். டெல்டாவுல வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்கறது புதுசில்லையே. பப்ஜியில நாலு பேர் ஒரு டீம். முன்பின் தெரியாதவங்களோட சேர்த்துவிடற பட்டன் இருந்தாலும், நாங்க எங்க நாலு பேரை நாங்களே சேர்த்துக்கிட்டோம். சென்னையில நான், திருப்பூர்ல ஒருத்தன், ஊர்ல விவசாயம் பார்க்கிற ஒருத்தன், சிங்கப்பூர்ல அவன்.

2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவியது. விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. 3 லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள், பெரும்பாலும் இந்தியாவையும் வங்கதேசத்தையும் சேர்ந்தவர்கள், மாதக்கணக்கில் வெளியே வர முடியாமல் இருந்தார்கள். அவன் இருந்த அறையில பன்னெண்டு பேர். தினம் ராத்திரி நாங்க ஆடினோம். அந்த வருஷம் பல வருஷம் கழிச்சு சரியா ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்தாங்க. ஊர்ல இருந்தவன் வயல்ல தண்ணி பாய விட்டுட்டு வரப்புல உட்கார்ந்து ஆடுவான். மைக்ல தவளை சத்தம் கேட்கும். "டேய் மைக்கை ஆஃப் பண்ணாதடா, கேட்டுட்டே இருக்கட்டும்"னு சிங்கப்பூர்காரன் சொல்வான்.

கேம்ல அவன் சீக்கிரம் செத்துடுவான். செத்தாலும் வெளியே போகமாட்டான். நாங்க ஆடறதைப் பார்த்துக்கிட்டே பேசிட்டிருப்பான். அறையில யாருக்குக் காய்ச்சல், சம்பளம் வருமா, அம்மாகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கான், எல்லாம். பழைய படிக்கட்டு மாதிரியேதான். போன்ல கூப்பிட்டுப் பேசலாமேன்னு கேட்பீங்க. பேசினோம். போன்ல "சாப்டியா, உடம்பு எப்படி இருக்கு"ன்னு கேட்டா "நல்லாருக்கேன்"னுதான் சொல்வான். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். எங்க பக்கத்து ஆம்பளைங்களுக்கு நேருக்கு நேரா பேச வராது. கை வேற ஒரு வேலையில இருக்கணும், கண்ணு வேற எங்கயாவது இருக்கணும். அப்பத்தான் மனசுல இருக்கறது வாய்க்கு வரும்.

அந்த வருஷம் ஜூனில் கல்வான் மோதல் நடந்தது. செப்டம்பர் 2-ம் தேதி இந்திய அரசு பப்ஜி மொபைல் உள்பட 118 செயலிகளைத் தடை செய்தது. அக்டோபர் 30-ம் தேதியோடு இந்தியாவில் இருந்தவர்களுக்குச் சர்வர் சேவையும் நின்றது. எல்லையில உயிர்கள் போயிருந்த நேரம். ஒரு விளையாட்டுக்காக அழறது அப்ப சின்னத்தனமா பட்டுச்சு. அதனால நாங்க யாரும் அதைப் பத்திப் பெருசா பேசிக்கல. சிங்கப்பூர்ல கேம் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. அவன் மட்டும் உள்ளே, நாங்க மூணு பேர் வெளியே. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பாக பி.ஜி.எம்.ஐ. வந்தது. இந்தியாவுல இருக்கறவங்களுக்கு மட்டும். நாங்க மூணு பேர் உள்ளே, அவன் வெளியே. எங்க நாலாவது இடத்துல பட்டன் யாரையாவது கொண்டு வந்து போடும். நல்லா சுடுவாங்க, ஜெயிச்சும் கொடுப்பாங்க. பேர் கூட ஞாபகம் இல்லை.

அதே 2020 டிசம்பர் 31-ம் தேதி ஃபார்ம்வில்லும் மூடப்பட்டது. அது அடோபி ஃபிளாஷில் ஓடியது, ஃபிளாஷுக்கான ஆதரவே அன்னைக்கு முடிஞ்சுது. அக்கா பல வருஷமா அதைத் திறக்கல. கடைசி வாரத்துல ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கா. வயல் முழுக்கக் காய்ஞ்சு கிடந்ததாம். தோழிகள் வயலும் அப்படியே. அதை ஒரு போட்டோ எடுத்து வெச்சிருக்கா.

சர்வர் யார் கையில

இங்கதான் ஒரு இஞ்சினியரா எனக்குப் புரிஞ்ச விஷயம். பப்ஜியும் ஃபார்ம்வில்லும் நிறுத்தப்பட்டா நிறுத்தப்பட்டதுதான். சர்வர் எங்கயோ, யார் கையிலயோ இருக்கு. 2003-ல் வந்த கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 இன்னைக்கும் ஓடும். ஏன்னா சர்வரை ஓட்டற நிரலையும் அவங்க ஆட்டக்காரங்க கையிலயே கொடுத்தாங்க. ஒரு லேப்டாப், ஒரு ஸ்விட்ச் போதும்.

இது இப்ப உலக அளவில் ஒரு கோரிக்கையாகவே மாறியிருக்கிறது. 2024 மார்ச் கடைசியில் யுபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கினவங்களுக்கும் விளையாட்டே இல்லாமல் போனது. அதைத் தொடர்ந்து ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். விளையாட்டை நிறுத்துங்க, ஆனா வாங்கினவங்க தாங்களா ஓட்டிக்கிற மாதிரி ஒரு வழி விட்டுட்டுப் போங்க என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அவர்களுடைய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது.

சட்டம் வருமோ வராதோ. நம்ம கையில இருக்கறதைப் பத்திச் சொல்லி முடிக்கறேன்.

காப்பீடு பதிவு பண்ணப் போன அன்னைக்கு சர்வர் ரொம்ப மெதுவா இருந்துச்சு. கூட்டம். டோக்கன் வாங்கிட்டு எல்லாரும் வாசல் படிக்கட்டுல உட்கார்ந்தோம். அப்பா பக்கத்துல இருந்தவர்கிட்ட எந்த ஊரு, எந்த வாய்க்கால் பாசனம், என்ன ரகம்னு ஆரம்பிச்சார். ஒரு மணி நேரத்துல அவரோட மகள் எந்தக் காலேஜ்ல படிக்கறான்னு வரைக்கும் தெரிஞ்சுக்கிட்டார். நான் சும்மா கேட்டுட்டிருந்தேன். கிளம்பும்போது அண்ணன்கிட்ட பழைய ஸ்விட்ச் இருக்கான்னு கேட்டேன். பரண்ல இருந்து எடுத்துத் துடைச்சுக் கொடுத்தார். "காசெல்லாம் வேணாம் தம்பி. வேலை செய்யுதான்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

வேலை செஞ்சுது. பொங்கலுக்கு சிங்கப்பூர்காரன் லீவுல வந்திருந்தான். திருப்பூர்காரனும் வந்தான். எங்க வீட்டுத் திண்ணையில அஞ்சு லேப்டாப், அதுல ரெண்டு அரசு கொடுத்த பழசு, பேட்டரி செத்துப்போய் சார்ஜர்லயே ஓடுது. அஞ்சாவது லேப்டாப்ல அக்கா. முதல் அரை மணி நேரம் அவளுக்கு எந்தக் கீ எதுக்குன்னே தெரியல. சீக்கிரம் சீக்கிரம் செத்துட்டே இருந்தா. சிங்கப்பூர்காரனும் வழக்கம்போல சீக்கிரம் செத்துட்டான். நாங்க மூணு பேர் ஆடிட்டிருந்தோம். செத்த ரெண்டு பேரும் பேசிட்டிருந்தாங்க. விடுதியில அந்த நாலு மாசம் எப்படி இருந்துச்சுன்னு அக்கா கேட்டா. எங்ககிட்டயே சொல்லாத ஒரு விஷயத்தை அவன் அவகிட்ட சொன்னான். நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே கேட்டேன். அதை இங்க சொல்லப்போறதில்லை.

அந்த ரவுண்டுல நானும் செத்துட்டேன்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பழைய ஸ்விட்ச்சோ, லேப்டாப்போ கிடக்கலாம். எடுத்துத் துடைச்சுப் பாருங்க. பழைய நண்பர்களைக் கூப்பிடுங்க. அன்னைக்கு யாருக்கு இடம் கொடுக்காம விட்டோமோ, இந்தத் தடவை அவங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.